ஜெர்மனிக்குப் போனா பி1, பெங்களூருக்குப் போனா பூஜ்யமா?

நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு மியூனிக்ல வேலை கிடைச்சிருக்குன்னு வைங்க. விசா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஜெர்மன் வகுப்புல பேரைக் கொடுத்துடறான். ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்காது, சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கி வெச்சுக்கணும். அன்னிக்குச் சுவத்துல டிரில் போடக் கூடாது. காலி பாட்டிலைத் தூக்கிப் போடாம மெஷின்ல கொண்டுபோய்ப் போட்டா 25 சென்ட் திரும்ப வரும். இதெல்லாம் போன ஒரே மாசத்துல அத்துப்படி. ஊர்ல இருக்கற சித்தப்பாவுக்கு போன் போட்டு அதைப் பாடமா எடுக்கறதுல பெருமை வேற. ப்ளூ கார்டுங்கிற வேலை அனுமதில போனவங்களுக்கு மொழியில பி1ங்கிற நடுத்தர நிலை இருந்தா 21 மாசத்துலயே நிரந்தரமாத் தங்கற உரிமை கேக்கலாம், ஆரம்ப நிலையான ஏ1 மட்டும்தான்னா 27 மாசம். அந்த ஆறு மாசத்துக்காக ராத்திரி உக்காந்து டெர், டீ, டாஸ்னு மனப்பாடம் பண்றான். நல்லது, பண்ணட்டும். இதே பையனோட அண்ணன் ஓசூர் தாண்டி, அத்திபெலே தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டில பதினஞ்சு வருஷமாக் குடியிருக்கார். அவருக்குத் தெரிஞ்ச கன்னடம் 'கன்னட கொத்தில்லா' (கன்னடம் தெரியாது)ங்கிற ரெண்டே வார்த்தை. அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றார். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல். அப்படி ஒருத்தரா ரெண்டு பேரா? ஐடி பார்க் கேண்டீன்ல ஒரு மேஜையைத் தட்டினா நாலு பேர் கிடைப்பாங்க.

சோம்பேறித்தனம்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டுல வளர்ந்தவங்கதானே, சோம்பேறித்தனம் ஒருத்தருக்கு மட்டும் எப்படி வந்துது? எனக்குத் தெரிஞ்சு வித்தியாசம் ஊர்லதான் இருக்கு. மியூனிக்ல ரொட்டிக்கடைக்காரம்மா உங்களுக்காகத் தமிழ் கத்துக்கப் போறதில்ல. பெங்களூர்ல அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் காய்கறி விக்கிறவர் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருதுன்னு நாலும் பேசறார். நீங்க வாயைத் திறந்து 'வெண்டைக்கா என்ன விலை'ன்னு கேட்ட மறுநொடி தமிழுக்கு மாறிடறார். அதுல வியாபாரமும் உண்டு, வந்தவங்களுக்குச் சிரமம் வேண்டாமேங்கிற நல்ல மனசும் உண்டு. இது ஒரு நாள் ரெண்டு நாள் கூத்து இல்ல, தலைமுறை தலைமுறையா இப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல பெங்களூர் நகரத்துல கன்னடத்தைத் தாய்மொழியாச் சொன்னவங்க பாதிக்கும் குறைவு. மாநிலத்தோட தலைநகரம்ங்க இது! சென்னைல இப்படி ஒரு கணக்கு வந்திருந்தா நாம என்ன குதி குதிச்சிருப்போம்னு நினைச்சுப் பாருங்க. (டிவி விவாதம் மட்டுமே ஒரு மாசம் ஓடியிருக்கும்.) வளைஞ்சு கொடுக்காத ஊர்ல நாம வளையறோம். வளைஞ்சு கொடுக்கற ஊர்ல விறைப்பா நிக்கறோம். என் வாதம் மொத்தமும் இதுதான்: பெங்களூர் நமக்குக் காட்டற தாராளத்தை நாம ஒரு சலுகையா வாங்கிப் பைல போட்டுக்கிட்டோம், திருப்பிக் கொடுக்கவே இல்ல.

இன்னொரு சிக்கல், எல்லாமே நம்ம ஊர் மாதிரியே இருக்கறது. முழுசா வேற மாதிரி இருந்தா கவனிச்சுக் கத்துப்போம். முக்கால்வாசி ஒண்ணா இருக்கறதால மீதிக் கால்வாசியை 'தப்பு'ன்னு சொல்லிடறோம். சாம்பார்தான் முதல் பலி. பெங்களூர் வந்த முதல் வாரத்துல தமிழன் வைக்கிற முதல் புகார், 'சாம்பார் இனிக்குது.' ஐயா, வெல்லம் போடறாங்க, இனிக்கத்தான் செய்யும். சென்னைல நாம ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பழகினதே உடுப்பிக்காரங்க கைல. கடந்தலெங்கிற ஊர்லேர்ந்து வந்த கே. கிருஷ்ண ராவ் 1938-ல ராயப்பேட்டைல உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பிச்சார். அவரை மாதிரி மெட்ராஸுக்கு வந்த உடுப்பிக்காரங்க தமிழ் பேசித்தான் தோசை வித்தாங்க. 'எங்க ஊர்ல சாம்பார் இப்படி இருக்காது'ன்னு வர்றவங்க கிட்டல்லாம் புலம்பிட்டிருந்தா கடை நடந்திருக்குமா? பெங்களூர்ல தர்ஷினி ஹோட்டல்ல நின்னுக்கிட்டே சாப்பிடறது, ஒரு காபியை 'பை டூ' சொல்லி ரெண்டு பேர் பகிர்ந்துக்கறது, ராகி முத்தெங்கிற களி உருண்டையை மெல்லாம முழுங்கறது, எதுலயும் பெரிய வித்தை கிடையாது. ரெண்டு நாள் சுத்தி என்ன நடக்குதுன்னு பார்த்தாலே வந்துடும். வாடகை வீட்டுக்குக் கேக்கற பத்து மாச அட்வான்ஸ் மட்டும்தான் யாருக்கும் எப்பவும் பழகாது. அதுல நான் உங்க கட்சி.

குப்பை விஷயம் இன்னும் மோசம். ஜெர்மனிக்குப் போன தம்பி மூணு நாலு நிறத் தொட்டியை போட்டோ எடுத்து 'பார்த்தீங்களா ஒழுங்கை'ன்னு குடும்ப வாட்ஸப் குரூப்ல போடறான். அண்ணனும் கட்டைவிரல் தூக்கறார். ஆனா 2015 டிசம்பர்லயே கர்நாடக உயர் நீதிமன்றம் பெங்களூர் வீடுகளுக்கு ரெண்டு தொட்டி ஒரு பைங்கிற முறையைக் கட்டாயமாக்கிடுச்சு. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, ஒண்ணுக்கும் உதவாத கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, காஞ்ச குப்பைக்குப் பை. அண்ணன் வீட்டுல சாம்பார் மிச்சமும் பால் கவரும் பல்பும் ஒரே கருப்புக் கவர்ல. காலைல வண்டிக்காரர் கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு ஏதோ சொல்றார், அண்ணனுக்குக் கன்னடம் கொத்தில்லா. (வசதியான கொத்தில்லா.) இதுல சொந்த ஊர்க்காரங்களும் சுத்தம் கிடையாதுன்னு நீங்க சொல்லலாம். உண்மைதான். ஆனா வெளிநாட்டுத் தொட்டிக்கு லைக் போட்டுட்டு சொந்தத் தெருத் தொட்டியைக் கண்டுக்காம இருக்கறதுக்கு அது பதில் ஆகாது.

பண்டிகைங்கதான் ரொம்ப சுவாரசியம். சங்கராந்திக்கு எதிர்வீட்டுல இருந்து எள்ளு, வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து, சர்க்கரை அச்சு ஒண்ணு, கரும்புத்துண்டு ஒண்ணு வெச்சுக் கொடுப்பாங்க. இதுக்குப் பேர் எள்ளு பெல்ல. இதை வீடு வீடாப் போய்ப் பரிமாறிக்கறதுதான் சம்பிரதாயம், எள்ளும் வெல்லமும் தின்னுட்டு நல்லதையே பேசுவோம்னு சொல்லிக் கொடுக்கறது. நம்மாளுங்க வாங்கிச் சாப்பிட்டுட்டு, பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்துடறாங்க. ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வெச்சுக் கொடுத்தா என்ன குறைஞ்சுடும்? அன்னிக்கு நம்ம அடுப்புலயும் பொங்கல்தானே! யுகாதிக்கு வேம்பும் வெல்லமும், நம்ம சித்திரைக்கு வேப்பம்பூ பச்சடி. நவராத்திரில அவங்க கொம்பெ வைக்கறாங்க, நாம கொலு வைக்கறோம். வரமகாலட்சுமிக்கு மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டா போங்க, 'எனக்கு யாரையும் தெரியாதே'ன்னு வீட்டுல உக்காந்திருந்தா அடுத்த வருஷமும் தெரியாது. யுகாதிக்கு மறுநாள் ஹொசதொடகுன்னு ஒண்ணு இருக்கு, மட்டன் கடை வாசல்ல விடிகாலைலயே க்யூ நிக்கும். கன்னடக் கலாசாரத்துல உடனே ஐக்கியமாகணும்னு நினைக்கிற அசைவக்காரங்களுக்கு இதைவிட நல்ல நாள் இல்ல.

சரி, மொழிக்கு வருவோம். டெர், டீ, டாஸ் கத்துக்கற மூளைக்குக் கன்னடம் என்ன பெரிய விஷயம்? நம்ம 'ப' அங்க நிறைய இடத்துல 'ஹ' ஆயிடுச்சு. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு, பாம்பு ஹாவு, பெயர் ஹெசரு. நம்ம 'வ' அங்க 'ப'. வா-ன்னா பா, வேணும்னா பேக்கு, வேண்டாம்னா பேட, வெல்லம்தான் பெல்ல. இந்த ரெண்டு விதியைக் கைல வெச்சுக்கிட்டா பஸ்ல பேசிக்கறதுல பாதி புரிய ஆரம்பிச்சுடும். அக்கா, அண்ணா, அம்மா, அப்பா எல்லாம் அப்படியே இருக்கு. வாக்கியத்துல எது முன்னாடி எது பின்னாடிங்கிற வரிசைகூட நம்ம வரிசைதான். தப்பு எங்க நடக்குதுன்னா, ஆபீஸ் நண்பர்கள் கிட்டயும் சினிமாலயும் 'பாரோ', 'ஹோகோ'ன்னு கத்துக்கறாங்க. அது நெருங்கினவங்களைக் கூப்பிடறது, நம்ம 'வாடா, போடா' மாதிரி. அதைக் கொண்டுபோய் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தாத்தாகிட்ட விட்டா அவர் முகம் மாறத்தான் செய்யும். 'பன்னி', 'ஹோகி', 'கொடி', 'ஹேளி'ன்னு 'இ'ல முடிங்க, மரியாதை தானா வந்துடும். 'நீனு' வேண்டாம், 'நீவு' போதும். 'ஊட்ட ஆய்த்தா'ன்னு யாராவது கேட்டா அவங்க உங்களுக்குச் சோறு போடப் போறாங்கன்னு அர்த்தம் இல்ல, நம்ம 'சாப்டாச்சா'தான் அது. 'ஆய்த்து, நிம்து?'ன்னு திருப்பிக் கேட்டா முடிஞ்சுது.

'பேசினா சிரிப்பாங்க'ன்னு தயங்கறவங்களுக்கு என்கிட்ட ஒரே பதில்தான் இருக்கு: சரோஜாதேவி. பெங்களூர்ல பிறந்தவங்க, கன்னடப் படத்துல ஆரம்பிச்சு, 1958-ல 'நாடோடி மன்னன்' வழியா தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ள வந்தாங்க. அவங்க தமிழ்ல கன்னட வாடை கடைசிவரைக்கும் போகல. நாம என்ன பண்ணினோம்? கேலி பண்ணி அனுப்பினோமா? கன்னடத்துப் பைங்கிளின்னு பட்டம் கொடுத்தோம், அந்தக் கொஞ்சலைத் தனியா ரசிச்சோம், மிமிக்ரி பண்றவங்க அதை வெச்சே பொழைச்சாங்க. 2025 ஜூலைல அவங்க காலமானப்போ சென்னையும் பெங்களூரும் சேர்ந்துதான் அழுதுது. வேற ஊர்லேர்ந்து வந்தவங்க தப்பும் தவறுமா நம்ம மொழியைப் பேசினா நமக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி வருது இல்லையா? திருப்பூர்ல, சென்னைல வேலைக்கு வந்த பீகார்க்காரப் பையன் 'அண்ணே, சாப்டீங்களா'ன்னு கேட்டா அதை வீடியோ எடுத்துப் போட்டுக் கொண்டாடறோம். அதே குளிர்ச்சி கன்னடக்காரங்களுக்கும் வரும்னு நமக்கு ஏன் தோணல? நம்ம ஓட்டைக் கன்னடத்தைக் கேட்டு அவங்க சிரிச்சாலும் அது பெரும்பாலும் இந்த வகைச் சிரிப்புதான்.

அடுத்து ஒரு கோஷ்டி வரும், வரலாறு தெரிஞ்ச கோஷ்டி. 'பெங்களூரே நம்ம ஊருங்க. கன்டோன்மென்ட்டு முழுக்கத் தமிழங்கதான்.' கொஞ்சம் உண்மை இருக்கு, அதனாலதான் இதைச் சும்மா தள்ள முடியாது. 1809-ல பிரிட்டிஷ்காரங்க கன்டோன்மென்ட் போட்டப்போ பட்டாளத்தோட தமிழ்ப் பக்கத்து ஆளுங்க திரளா வந்தாங்க. மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவுக்காரங்க இன்னிக்கும் அல்சூர் ஏரிக்கரைலதான் இருக்காங்க, அவங்களுக்குச் செல்லப்பேரே 'தம்பிகள்'. 1881-ல மைசூர் சமஸ்தானத்தை உடையார்கள்கிட்டத் திருப்பிக் கொடுத்தப்பகூட இந்தப் பகுதியை மட்டும் பிரிட்டிஷார் தங்க கைல வெச்சுக்கிட்டாங்க, 1947-லதான் விட்டாங்க. பழைய ஊரான பேட்டைக்கும் தண்டுன்னு சொல்ற கன்டோன்மென்ட்டுக்கும் தனித்தனி நிர்வாகம், 1949-லதான் ரெண்டும் ஒரே மாநகராட்சி ஆச்சு. அல்சூர் ஏரிக்குப் பக்கத்துலயே தமிழ்ச் சங்கம் 1950-லேர்ந்து இருக்கு. எல்லாம் சரி. ஆனா அந்த வரலாற்றையே இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பாருங்க. பெங்களூரோட ஆகப் பெரிய ஊர்த் திருவிழா எது? கரக. சித்திரைப் பௌர்ணமி ராத்திரி தர்மராய கோயில்லேர்ந்து கிளம்பி, தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்ட்டு வர்ற விழா. திரௌபதியம்மனைக் கும்பிடற அந்த விழாவை நடத்தறது திகளர் சமூகம். அவங்க தமிழ்நாட்டுப் பக்கத்துலேர்ந்து போனவங்கன்னுதான் வரலாறு எழுதறவங்க சொல்றாங்க. நம்ம வட ஆற்காடு பக்கம் திரௌபதியம்மன் கோயில்ல தெருக்கூத்து பார்த்தவங்களுக்கு உறவு சட்டுனு புரியும். கொண்டு வந்த சாமியை விடாம, ஊர் மொழியையும் எடுத்துக்கிட்டு, கடைசில அந்த ஊரோட அடையாளமாவே ஆயிட்டாங்க. வரலாறு பேசி உரிமை கேக்கறவங்க அந்த வரலாறு காட்டற வழியையும் எடுத்துக்கணும் இல்லையா? கன்டோன்மென்ட்டுப் பழைய தமிழங்களைக் கேளுங்க, கடை வீதில கன்னடம் சரளமாப் பேசுவாங்க. 'தமிழ் ஏரியா'ன்னு சொல்லி ஒரு வார்த்தையும் கத்துக்காம இருக்கறது நேத்து வந்த நம்ம லேப்டாப் பை கோஷ்டிதான்.

இதுக்கப்புறம் வர்ற கேள்வி கனமானது, அதுல ஜோக் அடிக்க முடியாது. '1991 டிசம்பர்ல காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழ்ல வந்ததும் இங்க தமிழங்களை அடிச்சாங்க, வீட்டைக் கொளுத்தினாங்க. 2016 செப்டம்பர்ல தமிழ்நாட்டு வண்டியைத் தேடித் தேடி எரிச்சாங்க. அந்த மொழியை நான் ஏன் கத்துக்கணும்?' கோபம் நியாயம். 1991-ல ஊரை விட்டு ஓடின குடும்பங்களோட கதையைக் கேட்டவங்க யாரும் இந்தக் கேள்வியை அலட்சியம் பண்ண மாட்டாங்க. கன்னடம் பேசினா அடி விழாதுன்னும் நான் சொல்லல. அன்னிக்கு அடி வாங்கினவங்கள்ல அந்த மண்ணுலயே பிறந்து வளர்ந்த கூலிக்காரங்களும் இருந்தாங்க. பாதுகாப்புக்குக் கட்டற மாமூலா மொழியைக் கத்துக்கிட்டா அது அவமானம், கத்துக்காதீங்க. ஆனா கல்லெறிஞ்சவன் அந்த மொழிக்கு முதலாளி கிடையாது. தினம் உங்ககிட்டப் பேசற மாவுமில்காரரும், உங்க பிள்ளையோட டீச்சரம்மாவும், மாடி வீட்டுப் பாட்டியும் பேசறதும் அதே மொழிதான். அல்சூர்ல திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பு வந்ததால, 1991-லேர்ந்து 18 வருஷம் துணி சுத்தி நின்னுது. 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி அப்போ தமிழ்நாட்டு முதல்வரா இருந்த கருணாநிதி திறந்து வெச்சார், கர்நாடக முதல்வர் எடியூரப்பா கூட நின்னார். நாலே நாள்ல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தாங்க. ரெண்டு அரசியல்வாதிங்களே அந்தப் பதினெட்டு வருஷத்துக்கு ஒரு முடிவு கட்டிட்டாங்க. நம்ம வீம்புக்கு மட்டும் காலாவதித் தேதியே கிடையாதா?

'கட்டாயப்படுத்தறாங்களே'ங்கிறதையும் கொஞ்சம் பார்க்கணும். அரசியல் சாசனம் 19-வது பிரிவுல இந்தியாவுல எங்க வேணா குடியிருக்க உரிமை கொடுத்திருக்கு. அதுல சந்தேகமே இல்ல, ஆட்டோல ஏறினவங்களை மொழி கேட்டு இறக்கிவிடறதும் அறையறதும் ரௌடித்தனம்தான். ஆனா பள்ளிக்கூடத்துல கன்னடம் கட்டாயம்னு 2015-ல கர்நாடகம் சட்டம் போட்டப்போ 'அநியாயம்'னு கொதிச்ச தமிழ் அப்பா அம்மாக்களுக்கு ஒரு தகவல்: நம்ம தமிழ் கற்றல் சட்டம் 2006. ஒன்பது வருஷம் முன்னாடி நாமதான். தாளவாடியிலயும் ஓசூர்ப் பக்கமும் கன்னடமும் தெலுங்கும் பேசற வீட்டுப் பிள்ளைங்க தமிழ் படிக்கறாங்களே, அது நியாயம், இது அநியாயமா? இந்தி வேண்டாம்னு 1965-ல தெருவுல இறங்கின மாநிலம் நாம. மண்ணோட மொழிக்கு மரியாதைன்னு நாம பேசின அத்தனையும் அத்திபெலே டோல்கேட்டோட முடிஞ்சு போச்சுன்னா, நாம பேசினது கொள்கையே இல்ல, சொந்தச் சௌகரியம்.

பிள்ளைக்குத் தமிழ் போயிடும்ங்கிற பயம் இருக்கறவங்களுக்கு: மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1983-ல கன்னடத்துக்காக ஞானபீடம் வாங்கினவர், கன்னடச் சிறுகதைக்கே அப்பான்னு கொண்டாடறாங்க. வீட்டுல பேசினது தமிழ். கன்னட நாடகத்தைப் புரட்டிப் போட்ட டி.பி. கைலாசம் வீட்டுலயும் தமிழ்தான். 1973-ல ஞானபீடம் வாங்கின கன்னடக் கவி பேந்த்ரேவுக்குத் தாய்மொழி மராத்தி. ஒரு மொழி உள்ள வந்தா இன்னொண்ணு வெளிய போயிடும்னு யார் சொன்னது? வீட்டுல பேசலைன்னாதான் தமிழ் போகும். அப்படிப் போகற வீடுகள்ல அதை விரட்டறது கன்னடம் இல்ல, இங்கிலீஷ். (நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, உங்க பிள்ளை உங்ககிட்ட எந்த மொழில அடம் பிடிக்குது?)

கடைசியா, 'நான் ரெண்டு வருஷம்தான் இருக்கப் போறேன், ஆபீஸ்ல இங்கிலீஷ் போதும்.' இந்த ரெண்டு வருஷத்தைச் சொன்னவங்கள்ல பாதிப் பேர் இப்ப வொயிட்ஃபீல்டுல பிளாட் வாங்கி இ.எம்.ஐ. கட்டிட்டிருக்காங்க. ஆபீஸ்ங்கிறது ஊர் இல்ல. தண்ணி டேங்கர்க்காரர், மின்சார லைன்மேன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போற ஆட்டோக்காரர், இவங்கதான் ஊர். இவங்ககிட்ட இங்கிலீஷ் செல்லாது. தமிழ் செல்லும், ஏன்னா அவங்க கத்துக்கிட்டாங்க. அவங்க செஞ்சதுல கால்வாசியை நாம செய்யலாம். பி1 எல்லாம் வேண்டாம், பரிட்சையும் வேண்டாம். நாளைக்குக் காலைல பால் வாங்கத் தெருமுனைல நிக்கும்போது 'அண்ணா, எரடு பாக்கெட் நந்தினி கொடி'ன்னு ஆரம்பிங்க. பால்காரர் தமிழ்லதான் பதில் சொல்லுவார். நீங்க தமிழுக்கு மாறிடாதீங்க.